ஒரு பொண்ணு, பெங்களூர்ல வேலை

பாறை வரைக்கும் ரெஜினா பேசணும், செண்பகம் கேட்கணும். திரும்பி வரும்போது செண்பகம் பேசணும், ரெஜினா கேட்கணும். நடுவில் கேள்வி கிடையாது, ஆறுதல் கிடையாது, 'அச்சச்சோ' கூடக் கிடையாது என்று ஹேமா காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். மதுரையில் யோகா வகுப்பு நடத்துகிறவள் ஹேமா. அவ்வப்போது இப்படிப் பெண்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, சனி ஞாயிறுக்கு, தாண்டிக்குடி மலையில் இருக்கும் இந்த எஸ்டேட் வீட்டுக்கு வருவாள். முன்பின் தெரியாதவர்களாக ஏறி வருகிறவர்கள் தோழிகளாக இறங்கிப் போகவேண்டும் என்பது அவள் ஆசை. ஆசையில் தப்பில்லை. செண்பகம் முன்னால் போகும் ரெஜினாவின் நீலக் கம்பளிச் சட்டையைப் பார்த்தபடி நடந்தாள். காப்பிச் செடிகள் இரண்டு பக்கமும் இடுப்பளவு நின்றன, பழம் சிவந்து. மழை விட்ட மறுநாள். மண் செருப்பைப் பிடித்துப் பிடித்து விட்டது. ரெஜினா தன் கல்லூரி நூலகத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு போனாள், புதுசாக வந்த முதல்வர், ஓய்வுக்கு மிச்சமிருக்கும் காலம். செண்பகத்தின் காதில் அது விழுந்தது, உள்ளே போகவில்லை. உள்ளே வேறொன்று உட்கார்ந்திருந்தது. காலையில் கண் விழித்தபோது வந்து உட்கார்ந்தது. வெளிச்சம் வந்த பிறகுதான் விழித்தாள், அதுவே அதிசயம். எந்த ஊர், யார் வீடு, எதுவும் முதலில் தெரியவில்லை. காய்ச்சல் விட்ட உடம்பு மாதிரி லேசாக இருந்தது. முந்தானை தன் மேலேயே இருந்தது, யார் கையிலும் இல்லை. பக்கத்துக் கட்டிலில், கூட வந்தவர்களில் ஒருத்தியான சபூரா போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். வெளியே ஏதோ ஒரு குருவி. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது, தானாக, கூப்பிடாமல். இப்படியே இருந்துட்டா. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஆனால் அதற்குள் எல்லாம் இருந்தது. எழுந்து உட்கார்ந்தாள். இப்படியே என்றால் எப்படி? எல்லாரும் இருந்து, ஒருத்தன் மட்டும் இல்லாமலா?

மலையிலேயே இருந்துவிட்டால் என்றுதான் நினைத்தேன் என்று செண்பகம் தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். குளிர் காற்று, யாரோ போட்டுத் தரும் காப்பி, அதைத்தான் சொன்னேன். வக்கீல் மாதிரிப் பேசினாள், நம்புவதற்கு ஆள் இல்லை. மகன் குகனுக்கு இருபத்தொரு வயசு. அப்பாவைவிட உயரம். மீசை முளைத்துவிட்டது, அதை மழிக்க இரண்டு பேர் வேண்டும். பேச்சு நாலைந்து சொல்லோடு நின்றுவிட்டது. கோபம் வந்தால் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வான். அந்த இடம் காய்த்துப்போய்க் கறுத்திருக்கும். பதினெட்டு முடிந்ததும் அந்தச் சிறப்புப் பள்ளியில் இனி வைத்துக்கொள்ள முடியாது என்றுவிட்டார்கள். அதிலிருந்து வீடுதான், அவள்தான். தூங்கும்போது அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவான். அதனால் அவள் தூக்கம் என்பது எப்போதும் பாதித் தூக்கம், ஒரு காது விழித்தபடி. இந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தது மகள் சிந்துஜா. அம்மாவைக் கேட்கவே இல்லை, கொடுத்துவிட்டுத்தான் சொன்னாள். கணவர் ஞானசேகரன் லீவு போட்டுவிட்டு, "ரெண்டு நாள்தானே, உலகம் முங்கிடாது, நான் பாத்துக்கறேன், போயிட்டு வா" என்றார். நேற்று விடியும்போது குகன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முந்தானையை உருவிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, திருடி மாதிரி வெளியே வந்தாள். வேன் மதுரையைத் தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள், பின்னால் யாரோ ஓடி வருகிற மாதிரி. அப்புறம்? அப்புறம் என்ன, வத்தலக்குண்டில் வேன் நின்று பஜ்ஜி தின்றபோது யாரோ என்னவோ சொல்ல, அவள் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எவ்வளவு நேரம் மறந்திருந்தேன் என்று பின்னோக்கித் தடவிப் பார்த்தாள், சேலையில் கறை எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடுவதுபோல. மலை ஏற ஏற மறுபடி மறந்தாள். மறந்தாள் என்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அதுகூடப் போகட்டும். நேற்றுச் சாயங்காலம் நடந்தது மறதி இல்லை. முற்றத்தில் பாய் விரித்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். பேர், ஊர், குடும்பம் என்று ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். தன் முறை வருவதற்குள் செண்பகத்துக்கு அந்த முகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அது எந்த ஒருத்தருடைய முகமும் இல்லை, எல்லாருக்கும் உள்ள முகம். கல்யாண வீட்டில், டாக்டர் வரவேற்பறையில், ரயிலில், பையனைப் பற்றிச் சொன்ன உடனே எதிரில் இருப்பவர்களுக்கு வந்துவிடும் முகம். புருவம் கொஞ்சம் ஏறும், தலை ஒரு பக்கம் சாயும், குரல் இறங்கும். அதற்குப் பிறகு அவளிடம் யாரும் சினிமா பேச மாட்டார்கள், புடவை பேச மாட்டார்கள், அவள் ஒரு நகைச்சுவை சொன்னால் சிரிக்கலாமா வேண்டாமா என்று தயங்குவார்கள். இன்னிக்கு ஒரு நாள் அந்த முகம் வேண்டாம் என்று தோன்றியது. தோன்றியதுதான், முடிவு செய்யவில்லை. "பேரு செண்பகவல்லி. சொந்த ஊரு கோவில்பட்டி, இப்ப மதுரை. ஒரு பொண்ணு, பெங்களூர்ல வேலை." அங்கே முற்றுப்புள்ளி தானாக விழுந்தது. விழுந்த பிறகு அடுத்தவள் பேச ஆரம்பித்துவிட்டாள். இடையில் நுழைந்து, ஒண்ணு விட்டுப்போச்சு என்று சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. அந்த நிமிஷம் போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதன்பிறகு அவளுக்கு என்ன வந்ததோ, தங்கள் அடுக்ககத்துச் செயலாளர் மைக்கில் தண்ணீர் லாரி அறிவிப்புச் செய்வதைப் பேசிக் காட்டினாள். சபூரா சிரித்துச் சிரித்து இருமினாள். ஹேமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்குள்ள இவ்வளவு இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள். இருந்தது அவளுக்கே தெரியாது. அந்தச் சந்தோஷத்துக்கு மகனைக் கழித்தால்தான் இடம் வந்தது என்பதுதான் இப்போது செருப்பில் மண் மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது.

"...அதனாலதான் செண்பகம்," என்றாள் ரெஜினா, சட்டென்று குரல் வேறு மாதிரி. செண்பகம் நிமிர்ந்தாள். எதனால் என்பது அவளுக்குத் தெரியாது, விட்டுவிட்டாள். "காலையில ஹேமா சீட்டு எடுக்கலாம்னா. நான்தான் வேணாம்னு சொல்லி உங்களோட சேர்ந்துக்கிட்டேன். ஏன்னு சொல்லிடறேன். எனக்குப் பிள்ளை இல்ல. நேத்து வட்டத்துல சொன்னேனே, கவனிச்சிருப்பீங்க, சொன்ன உடனே எல்லாரும் ஒரு நிமிஷம் கம்முனு ஆயிட்டாங்க. எங்க போனாலும் அப்படித்தான். அந்த ஒரு நிமிஷம் முடிஞ்சதும் அவங்கவங்க பிள்ளைப் பேச்சுக்குப் போயிடுவாங்க. நான் சிரிச்ச முகமா உக்காந்திருக்கணும். எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் வீட்டுக்கு வந்து அவர்கிட்ட புலம்புவேன். இப்ப அதுக்கும் ஆள் இல்ல." அவள் ஒரு கிளையை விலக்கிப் பிடித்து, செண்பகம் கடந்ததும் விட்டாள். இலையிலிருந்து தண்ணீர் இருவர் மேலும் தெறித்தது. "நீங்கதான் ஒரே வார்த்தையில முடிச்சீங்க. ஒரு பொண்ணு, வேலை பாக்குறா. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. பெத்தவங்கள்லயும் இப்படி ஒருத்தரான்னு இருந்துச்சு. கவலை இல்லாத ஒரு மனுஷியோட நடக்கணும் போல இருந்துச்சு, அதான்." செண்பகம் பதில் சொல்லக்கூடாது, சட்டம் அப்படி. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கவலை இல்லாத மனுஷி. அந்தச் சொல் இனித்தது, உடனே கசந்தது. இந்த அம்மாள் நீட்டும் கை எனக்கு நீட்டியது இல்லை, நேற்று முற்றத்தில் உட்கார்ந்திருந்த வேறொருத்திக்கு நீட்டியது. அவளுக்கு ஒரு பொண்ணு. அவள் இனி எத்தனை வருஷம் மதுரையில் இந்த ரெஜினாவோடு கோயிலுக்கும் கடைக்கும் போவாள், குகனை எந்த அறையில் வைத்துப் பூட்டிவிட்டு?

பாறையில் மேகம் அப்பியிருந்தது. கீழே சமவெளி தெரியும் என்று ஹேமா சொல்லியிருந்தாள், ஒன்றும் தெரியவில்லை, வெள்ளை மட்டும். அங்கே போனதும் கைப்பைகளுக்குள்ளிருந்து போன்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றுக் கூவின. எஸ்டேட் வீட்டில் டவர் கிடையாது. பாறையிலும், திரும்பும் வழியில் ஒரு வளைவிலும்தான் கிடைக்கும் என்று நேற்றே சொல்லியிருந்தார்கள். செண்பகத்தின் போன் அறையில் தலையணைக்கு அடியில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று படி இறங்கும்போது சொல்லிக்கொண்டாள். மறக்கவில்லை. கையில் எடுத்தாள், பார்த்தாள், வைத்தாள். எடுத்துவந்தால் பேச வேண்டும், பேசினால் இவர்கள் கேட்பார்கள், குகன் என்ற பேர் இந்தக் காற்றில் விழும். சபூரா பாறை ஓரத்தில் நின்று தன் சின்ன மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். "பல்லு தேச்சியா? எங்க, ஈ காட்டு." செண்பகம் தன் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஞானசேகரனுக்குப் பால்கனிக் கதவின் மேல் தாழ்ப்பாள் போடத் தோன்றுமா? குளிக்க வைக்கும்போது வழுக்கினால்? குகனுக்கு வலிப்பு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் அப்படி நினைத்தாயே, அதற்காகவே வரும். நீ கேட்டது கிடைக்கும். ஆம்புலன்ஸ் தெருவில் திரும்ப முடியாமல் நிற்பதையும், எதிர் வீட்டுப் பெண் கையில் கரண்டியோடு வாசலில் நிற்பதையும், அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பதையும் அவள் பார்த்துவிட்டாள், அவ்வளவு துல்லியமாக. "வீட்டுக்குப் பேசணுமா? பொண்ணுகிட்ட?" ரெஜினா தன் போனை நீட்டினாள். "வேணாம்க்கா. ஞாயித்துக்கிழமை, தூங்கிக்கிட்டிருப்பா." நாக்கு எவ்வளவு பழகிவிட்டது. ஹேமா எல்லாரையும் கூட்டி நிறுத்திப் படம் எடுத்தாள். சிரிங்க என்றாள். செண்பகம் சிரித்தாள், நன்றாகவே.

திரும்பும்போது அவள் முன்னால், ரெஜினா பின்னால். ஒற்றையடிப் பாதை, அதனால் முகம் பார்க்க வேண்டியதில்லை. முதலில் அடுக்ககத்துச் சங்கத்தைப் பற்றிப் பேசினாள், பிறகு கோவில்பட்டியில் தான் படித்த பள்ளியைப் பற்றி. பின்னால் காலடி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கேட்கிற காலடி. அதை ஏமாற்றுவது கஷ்டமாக இருந்தது. சொல்லாமலே வீடு போய்ச் சேர்ந்துவிடலாம், சாயங்காலம் வேன் ஏறிவிடலாம், மதுரை மாட்டுத்தாவணியில் கையசைத்துவிட்டு முடித்துவிடலாம். அப்படி முடித்தால் குகன் இந்த மலையில் இல்லாமலே போவான். நானே அழித்த மாதிரி. "ரெஜினாக்கா, எனக்கு ஒரு பையனும் இருக்கான்." பின்னால் காலடி நின்றது. செண்பகம் நிற்கவில்லை, நின்றால் முடியாது. கொஞ்சம் கழித்து மறுபடி காலடி வந்தது. "குகன்னு பேரு. பெரியவன் அவன்தான். இல்ல, சிந்துஜாதான் மூத்தவ, ஆனா எங்க வீட்ல அவன்தான் பெரிசு, எல்லாத்துக்கும் அவன்தான். பேச மாட்டான். தானா குளிக்க மாட்டான், தானா எதுவும் முடியாது. பஸ்ல முன்சீட்டு கிடைச்சா உலகத்துலயே சந்தோஷமான பிள்ளை அவன்தான். நேத்து நான் அவனைச் சொல்லல. விட்டுப்போகல, சொல்லல. உங்களை எல்லாம் சிரிக்க வச்சேன் பாருங்க, அது அவனைச் சொல்லாததாலதான் வந்துச்சு. அது மட்டும் இல்லக்கா." இதைச் சொல்லாதே என்று ஒரு குரல் சொன்னது. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். சொல்லாவிட்டாலும் உண்மைதான். "காலையில முழிச்சேன். உடம்பு இப்படி லேசா இருந்ததே இல்ல. அப்ப, இப்படியே இருந்துட்டான்னு நெனச்சேன். அவன் இல்லாம. பெத்த தாய், அப்படி நெனச்சிட்டேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. இதுக்கு முன்னாடி நெனச்சிருக்கேனான்னுகூடத் தெரியல. நெனச்சிருப்பேன்." பாதையில் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. அதைத் தாண்டக் கால் தூக்கியபோதுதான் பின்னால் சத்தமே இல்லை என்பதைக் கவனித்தாள்.

ரெஜினா கொஞ்சம் தள்ளி, மிளகுக்கொடி ஏறிய ஒரு மரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். செண்பகம் அந்த முகத்துக்குத் தயாராக இருந்தாள், ஏறிய புருவம், சாய்ந்த தலை. அது வரவில்லை. ரெஜினாவின் முகம் சிவந்திருந்தது. கோபம். பச்சையான, மறைக்காத கோபம். "நேத்தே ஏன் சொல்லல?" என்றாள். பேசக்கூடாது என்ற சட்டம் அங்கேயே உடைந்தது. "சொன்னா எல்லாரும் என்னையப் பாக்குறதே மாறிடும்க்கா." "மாறட்டுமே! எனக்கு மாறல? பிள்ளை இல்லைங்கறத எந்தச் சபையிலயாவது நான் மறைக்க முடியுதா? கேக்குறாங்க, சொல்றேன். எத்தனை தடவை சொல்லியாச்சு. நீங்க இருக்குற பிள்ளைய இல்லாம ஆக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அதைப் பாத்துட்டு நான் உங்களைத் தேடி வந்து, மனசுல கெடந்ததையெல்லாம் கொட்டியிருக்கேன்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செண்பகம் இருபத்தொரு வருஷமாகப் பரிதாபத்துக்குத்தான் பதில் வைத்திருந்தாள், கோபத்துக்கு வைக்கவில்லை. ஆனால் விநோதம், அந்தக் கோபத்தின் முன் நிற்பது சுலபமாக இருந்தது. யாரோ ஒருத்தர் கடைசியில் இவளை நேராகப் பார்த்துத் திட்டுகிறார்கள். தப்பு என்று இவள் நினைத்ததை இன்னொருத்தரும் தப்பு என்கிறார்கள். ரெஜினா அவளைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தாள். வளைவில் போய் நின்றாள். போனைத் தூக்கி வானத்தில் காட்டிப் பார்த்தாள். செண்பகம் வந்து சேரும்வரை திரும்பவே இல்லை. "ரெண்டு கோடு காட்டுது. உங்க வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க."

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார், ஆஸ்பத்திரியில் இருப்பார், எடுக்க மாட்டார். "யாரு?" என்றார் ஞானசேகரன், புது நம்பருக்குப் பேசும் குரலில். "நான்தான்." "ஏய், செண்பகம்! நல்லாருக்கியா? குளுரா?" "குகன்?" "இருக்கான். குளிச்சாச்சு, இட்லி தின்னாச்சு. டி.வி. பாக்குறான்." "தேடுனானா?" அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது, கல்யாணமான நாளிலிருந்து வந்ததில்லை. "இல்லம்மா. தேடல. கதவை ஒருதரம் பாத்தான். அப்புறம் என் கையைப் புடிச்சுக்கிட்டுத் தூங்கிட்டான். நல்ல தூக்கம். நான்தான் தூங்கல." சிரித்தார். "அவன்கிட்ட குடுங்க." போன் கை மாறும் சத்தம், பின்னால் ஏதோ விளம்பரப் பாட்டு, பிறகு மூச்சு. கனமான, ஈரமான, அவளுக்கு உடம்பெல்லாம் தெரிந்த மூச்சு. "குகா, அம்மாடா. அம்மா மலைக்கு வந்திருக்கேன்டா. வந்துருவேன், என்ன?" மூச்சு. விளம்பரம் முடிந்து வேறு பாட்டு ஆரம்பித்தது. "வை," என்றான் குகன். தெளிவாக. சாப்பாடு போதும் என்றால், விளையாட்டுப் பொருள் அலுத்துவிட்டால், தன்னை விடு என்றால், எல்லாவற்றுக்கும் அவனுக்கு அந்த ஒரு சொல்தான். வை. அவள் வைத்தாள்.

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது முதலில். முந்தானைக்காகப் பாதித் தூக்கம் தூங்கினேனே, அது யார் கையாக இருந்தாலும் போதுமா அவனுக்கு? அப்புறம் மெல்ல மெல்ல வேறொன்று வந்தது, அவள் எதிர்பாராத பக்கத்திலிருந்து. காலையில் அவனும்தானே கண் விழித்திருப்பான். எழுந்ததும் முகம் துடைக்க வரும் ஈரக் கை இல்லை. இப்படிச் செய்யாதே, அங்கே போகாதே என்று நாளெல்லாம் பின்னால் வரும் குரல் இல்லை. உடம்பு லேசாக இருந்திருக்கும். இப்படியே இருந்துட்டா என்று அவனுக்கும் தோன்றியிருக்கும், சொல் இல்லாமல். அதற்காக அவனைக் கோபித்துக்கொள்வாளா? மாட்டாள். இதை நினைத்து அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு. காலையில் வந்து உட்கார்ந்தது எழுந்து போகவில்லை, இன்னும் அங்கேதான் இருந்தது. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது.

"என்னவாம்?" என்றாள் ரெஜினா. "என்னையத் தேடவே இல்லையாம்க்கா." ரெஜினா போனை வாங்கிப் பையில் போட்டாள். இரண்டு பேரும் நடந்தார்கள். வளைவைத் தாண்டியதும் பாதை ஜீப் போகிற அளவுக்கு அகலமானது. பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடிந்தது. "எனக்கு இன்னும் கோவம் போகல," என்றாள் ரெஜினா கொஞ்ச தூரம் போன பிறகு. "தெரியுதுக்கா." "மத்தவங்ககிட்ட நான் சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன்." "நானே சொல்லிடறேன். சாப்பிட உக்காரும்போது சொல்லிடறேன்." அந்த முகம் ஏழெட்டு முகமாகத் திரும்பும். திரும்பட்டும். எஸ்டேட் வீட்டின் தகரக் கூரை மரங்களுக்கு இடையில் தெரிந்தது, அடுப்புப் புகை அதன் மேல் படுத்திருந்தது. ரெஜினா எதையோ யோசித்துக்கொண்டே வந்தாள். என்ன வியாதி என்று கேட்பாள், எப்போது தெரிந்தது, எந்த டாக்டர், உங்களுக்குப் பிறகு யார் பார்ப்பா. எல்லாவற்றுக்கும் செண்பகத்திடம் தேய்ந்துபோன பதில்கள் இருந்தன, எடுத்து அடுக்கிக்கொண்டாள்.

"யார் ஜாடை?" என்றாள் ரெஜினா.

செண்பகம் நின்றுவிட்டாள். தொட்டிலில் கிடந்த நாளுக்குப் பிறகு அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. குகனின் முகத்தை, அவன் செய்வதையும் செய்யாததையும் விட்டுவிட்டு, வெறும் முகமாகக் கண்முன் கொண்டுவர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என் ஜாடைதான்க்கா," என்றாள். "மூக்கு மட்டும் அவங்க அப்பா."